ஆணியில் தொங்கும் விளக்குக்கு

அன்புள்ள டெஸ்ட் லாம்பே, சங்ககிரியில் என் பட்டறைச் சுவரில், சாமி படத்துக்கு இடப்பக்கம் இருக்கும் ஆணியில் நீ தொங்கிக்கொண்டிருக்கிறாய். உனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு 24 வோல்ட், 21 வாட் பல்பு. உடைந்த பின்விளக்கு ஒன்றிலிருந்து கழற்றிய ஹோல்டர். நாலு முழ ஒயர் இரண்டு. ஒன்றின் முனையில் கிளிப், மற்றதன் முனையில் கூராகத் தீட்டிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. விலைக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறமாட்டாய். ஆனால் என் வீட்டு அடுப்பு முப்பத்தைந்து வருடமாக உன்னை நம்பித்தான் எரிகிறது. இதை ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. நாலு பேர் காதில் விழுந்தால் விழட்டும், பேச்சு உன்னோடுதான்.

டெஸ்ட் லாம்பே, உன்னை நான் கடையில் வாங்கவில்லை. பதினாலு வயதில் என்னைச் சேர்த்துக்கொண்ட மேஸ்திரி, முதல் மாதம் பூராவும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும், டெர்மினலில் பூத்த உப்பைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவவும்தான் விட்டார். இரண்டாம் மாதம் ஒருநாள் அந்த ஹோல்டரை என் கையில் போட்டார். “கண்ணு, இதுல உனக்கொரு வெளக்கு கட்டிக்கோ. டிரைவர் சொல்றதக் கேட்டுக்கோ, ஆனா இது சொல்றத நம்பு” என்றார். ஈயம் வைத்தது நான்தான். அப்போது சுட்டுக்கொண்ட வடு இடதுகைப் பெருவிரலில் இன்னும் இருக்கிறது. நாம் இருவரும் ஒரே நாளில் தொழிலுக்கு வந்தவர்கள்.

டெஸ்ட் லாம்பே, நீ எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது வெளிச்சத்தின் நிறத்தை. லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டு. ஒன்றின் பாசிட்டிவுக்கும் மற்றதன் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு கட்டை ஒயர்; சேர்ந்து 24. மேஸ்திரி உன்னை ஒரே ஒரு பேட்டரியில் வைக்கச் சொன்னார். பழுத்த மஞ்சளாக, தூக்கம் கலையாத பிள்ளை மாதிரி எரிந்தாய். இரண்டிலும் சேர்த்து வைத்தபோது கண் கூசியது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6, ஜோடிக்கு 25.2 என்ற கணக்கெல்லாம் பிற்பாடு வந்தது. அதற்கு முன்பே உன் முகத்தைப் பார்த்து பேட்டரி பசியோடு இருக்கிறதா, உண்டுவிட்டு இருக்கிறதா என்று சொல்லப் பழகிவிட்டேன். இன்றைக்கும் வேலைக்கு வரும் பையன்களுக்கு நிறத்தைக் காட்டிய பிறகுதான் எண்ணைச் சொல்கிறேன்.

டெஸ்ட் லாம்பே, பழைய லாரியின் குணம் உனக்கும் எனக்கும் தெரியும். கார் ஓட்டுகிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எண்ணூரில் பிறந்த காமெட்டானாலும் சரி, ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாடாவானாலும் சரி, ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்த இன்ஜினுக்குக் கரண்டே வேண்டாம். டீசல் பம்பை இன்ஜினே சுற்றிக்கொள்கிறது. டீசல் அழுத்தத்தின் சூட்டில் தானே பற்றிக்கொள்கிறது. நிறுத்துவதற்கும் ஒரு கம்பியை இழுத்தால் போதும். அதனால் சார்ஜ் ஏறாத வண்டி பகல் பூராவும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். பொழுது சாய்ந்து ஹெட்லைட்டைப் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். இரண்டு பக்கமும் 70 வாட் என்றால் அதற்கு மட்டுமே ஆறு ஆம்பியர். பின்விளக்கு, பக்கவிளக்கு, வைப்பர் என்று எல்லாம் சேர்ந்து பேட்டரியின் இருப்பைத் தின்றுவிட்டு நடுக்காட்டில் கைவிரித்துவிடும். விடிந்ததும் செல்ஃப் எடுக்காது. மேட்டில் நிறுத்திவைத்து உருட்டிக் கிளப்பிய வண்டிகளை இந்த ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம்!

டெஸ்ட் லாம்பே, தொப்பூரார் என்று நாம் பேர் வைத்த டிரைவரை நீ மறந்திருக்க மாட்டாய். அது அவர் ஊர் அல்ல. கணவாயில் அவருக்கு நேர்ந்ததால் ஒட்டிக்கொண்ட பேர். ஒரு விடியற்காலையில் வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமலேயே இறங்கி வந்தார். “ஏனுங்க மேஸ்திரி, பேட்டரி ரெண்டும் புதுசுங்க. டைனமோவுல கார்பன் மாத்தியாச்சு, ரெகுலேட்டர் மாத்தியாச்சு. ஒரு நாளைக்கு ஏறுது, ஒரு நாளைக்கு ஏறமாட்டீங்குது.” அவர் டைனமோ என்றது ஆல்டர்னேட்டரை. டைனமோ ஒழிந்து எவ்வளவோ காலமாகியும் பேர் மட்டும் இந்தப் பக்கத்தில் ஒழியவில்லை. முந்தின ராத்திரி, தர்மபுரிப் பக்கமிருந்து தொப்பூர் இறக்கத்தில் வரும்போது ஹெட்லைட் சிமினி விளக்காகிவிட்டது. முன்னால் போன டேங்கர் ஒன்றின் பின்விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினாராம். சாதாரணமாகத்தான் சொன்னார். கையிலிருந்த டீ மட்டும் தளும்பிக்கொண்டே இருந்தது.

டெஸ்ட் லாம்பே, அந்த ஆல்டர்னேட்டரை அதற்குமுன் மூன்று பட்டறைகளில் இறக்கி ஏற்றியிருந்தார்கள். பெஞ்சில் ஓட்டினால் ஒழுங்காக வேலை செய்யும், வண்டியில் ஏற்றினால் முரண்டு பிடிக்கும். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வில்லை. நான் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை நிறுத்தி, சாவியைத் திரும்பப் போடச் சொல்லி டேஷ்போர்டைப் பார்த்தேன். எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. ஸ்குரூ டிரைவரை ஆல்டர்னேட்டரின் பின்பக்கப் பேரிங் அருகே கொண்டுபோனேன், காந்தம் இழுக்கவில்லை. பிறகு உன் ஒரு முனையைச் சாவி லைனிலும் மறுமுனையை ஆல்டர்னேட்டரின் சின்ன டெர்மினலிலும் வைத்தேன். நீ எரிந்தாய். ஸ்குரூ டிரைவர் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டதும் நீ அணைந்துபோனாய். தொப்பூரார் முகம் வாடிவிட்டது. நான் சிரித்தேன். உன் இரண்டு பக்கத்திலும் 28 வோல்ட் வந்து சமமாக நிற்கிறது, உனக்குள் ஓடக் கரண்டுக்குக் காரணமில்லை, சார்ஜ் ஏறுகிறது என்பதைத்தான் நீ அணைந்து சொன்னாய்.

டெஸ்ட் லாம்பே, டேஷ்போர்டில் இருக்கிற அந்தச் சிவப்பு விளக்கு உன் தங்கச்சிதான். அது சும்மா தகவல் சொல்ல வைத்த பல்பு என்று ஊரெல்லாம் நினைக்கிறது. அதன் வழியாகப் போகும் சிறு கரண்டுதான் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் சுருளுக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. ஒரு பிடி கொடுத்துத் தூக்கிவிட்டால் அப்புறம் அது தன் கரண்டைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்தப் பல்பு ஃபியூஸ் ஆனால், இரும்பில் ஒட்டிக்கிடக்கும் பழைய காந்தத்தை நம்பித்தான் பிழைப்பு. இன்ஜின் வேகம் பிடித்த நாளில் ஏறும், மெதுவாக ஓடிய நாளில் ஏறாது. பெஞ்சில் ஏன் நன்றாக வேலை செய்தது? அவரவர் பெஞ்சிலேயே ஒரு பல்பு மாட்டியிருந்தார்கள். வண்டியில் இருந்த பல்பை யாரும் பார்க்கவில்லை. தொப்பூராரிடம் கூலியை முழுசாக வாங்கிக்கொண்டேன். பல்புக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

டெஸ்ட் லாம்பே, மன்னிப்புக் கேட்காமல் உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிஜிட்டல் மீட்டர் வாங்கிய புதுசு. சட்டைப்பையில் பேனா வைத்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்; உன்னை ஆணியிலிருந்து எடுப்பதே இல்லை. ஒற்றை வண்டியை வைத்துத் தானே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சில நேரம் எடுக்கும், சில நேரம் மூச்சே விடாது. சோலனாய்டுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 24.8 காட்டியது. லைன் சுத்தமாக இருக்கிறது, செல்ஃப்தான் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். ரீகண்டிஷன் செல்ஃப் ஒன்று வாங்கி மாட்டி அனுப்பினேன். நாலாம் நாள் மேட்டூர்ப் பக்கம் லோடோடு நின்றுவிட்டது.

டெஸ்ட் லாம்பே, அன்று பட்டறைப் பையன் கேட்காமலே உன்னை எடுத்து அதே ஒயரில் வைத்தான். நீ எரியவில்லை. உள்ளே இழை மட்டும் கங்குபோல் சிவந்தது. ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ் விழுந்துபோன ஓட்டையில் தகரம் தோலை அறுத்து, உள்ளே கம்பியெல்லாம் பச்சைக் களிம்பாகப் பொடிந்து, ஒன்றிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தன. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது கரண்டைக் குடிப்பதே இல்லை. பத்து மெகா ஓம் தடையை நடுவே வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற சாதி. ஒற்றைக் கம்பி தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்கு 24.8 தெரியும். நீ அப்படியில்லை. முக்கால் ஆம்பியருக்கு மேல் கொடு, அப்புறம் பேசலாம் என்பாய். அந்த லைனால் கொடுக்க முடியவில்லை. அவருக்கு நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், முழுசாக அல்ல, பாதி. மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்றேன். அதன்பிறகு அவர் வண்டி நம் பக்கம் வரவே இல்லை. அந்தக் கடன் என்னிடம்தான் இருக்கிறது.

டெஸ்ட் லாம்பே, எர்த்தைத் தேட உன்னைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. நம் ஊர் லாரிப் பெட்டி மரம். மரத்தில் கரண்ட் போகாது. பக்கவிளக்குக்கும் பின்விளக்குக்கும் திரும்பி வர ஒயரோ சேஸிஸ் இரும்போ வேண்டும். பெயிண்ட்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து, துரு ஏறி அந்த வழி அடைபட்டால் வேடிக்கை ஆரம்பமாகும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் லைட் முனகும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கெல்லாம் சேர்ந்து கண்சிமிட்டும். தெரு அடைபட்டவன் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் போவதைப் போல, கரண்ட் அடுத்த பல்புக்குள் புகுந்து எர்த்தைத் தேடுகிறது. கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, உன் கூர்முனையால் ஹோல்டரின் உடம்பைத் தொட்டால் போதும். பளிச்சென்று எரிந்தால் எர்த் சரி. மங்கினால் அந்த போல்ட்டைக் கழற்றிச் சுரண்டு என்று அர்த்தம்.

டெஸ்ட் லாம்பே, எரியக்கூடாத இடத்தில் நீ எரிந்த நாளும் உண்டு. ஒரு வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. டிரைவர் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். உன் கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இரண்டும் எர்த்தென்றால் நீ இருட்டாக இருக்க வேண்டும். எரிந்தாய். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டையை, கிளட்ச் வேலைக்காகக் கழற்றிய யாரோ திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டார்கள். செல்ஃபின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் போக வழியில்லாமல், பென்சில் கனமுள்ள கேபிள் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. பட்டையை மாட்டினேன். எலுமிச்சம்பழத்தை அவர் அவிழ்க்கவில்லை. அதுவும் இருக்கட்டுமே என்றார்.

டெஸ்ட் லாம்பே, ஃபியூஸ் நிற்காத வண்டிகளில் நீ ஃபியூஸாகவே உட்கார்ந்திருக்கிறாய். போட்டால் போகிறது, போட்டால் போகிறது என்று சலித்து, சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிவிடுவார்கள். கடைசியில் வயரிங் மொத்தமும் கருகும். அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு உன்னை ஃபியூஸ் இடத்தில் மாட்டிவிட்டால், ஷார்ட் இருக்கும்வரை நீ முழுசாக எரிவாய். நீ நடுவில் இருப்பதால் ஒயர் கருகாது. நான் கேபினிலிருந்து வால்வரை ஒயர்க்கட்டை ஆட்டிக்கொண்டே போவேன். பையன் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். “அணைஞ்சிருச்சுண்ணா!” என்று கத்துகிற இடத்தில் கை வைத்தால் அதுதான் இடம். பெரும்பாலும் சேஸிஸ் விளிம்பில் உரசிய ஒயர். என் தொழிலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் அந்தக் கத்தல்தான்.

டெஸ்ட் லாம்பே, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் செத்துக் கிடந்தால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் உன்னை வைப்போம். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க, நீ எரிந்தால் எங்கோ கசிகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஒருமுறை அத்தனையையும் உருவிய பிறகும் எரிந்தாய். கையைத் துழாவியபோது ஆல்டர்னேட்டர் இளஞ்சூடாக இருந்தது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்! சாவி போடாமலே ஸ்குரூ டிரைவரையும் இழுத்தது. உள்ளே ஒரு டையோடு ஷார்ட்டாகி, சுருளுக்கு ராப்பகலாகக் கரண்ட் ஊட்டிக்கொண்டிருந்தது. தடித்த ஒயரைக் கழற்றியதும் நீ அணைந்தாய். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முன்னால் அதே வண்டியில், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி சார்ஜ் பார்த்தவன் நான்தான். மேஸ்திரியிடமிருந்து தொற்றிய டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் எகிறி டையோடை அடிக்கும். அந்த டையோடைக் கொன்றது யார் என்று அன்று வண்டிக்காரர் கேட்கவில்லை.

டெஸ்ட் லாம்பே, பாட்டுக்கேட்ட வண்டிகளையும் சொல்ல வேண்டும். டேப் ரிக்கார்டருக்கு 12 வோல்ட் வேண்டுமென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுவார்கள். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த கணக்குத்தான் தெரியும். பாட்டுப் பாடுகிற பேட்டரி பட்டினி கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதித்துத் தண்ணீர் வற்றும். இரண்டிலும் தனித்தனியாக உன்னை வைத்தால் இரண்டு நிறம். பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. ராத்திரி வண்டிக்குப் பாட்டும் ஒரு கிளீனர். கன்வெர்ட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

டெஸ்ட் லாம்பே, உன்னால் முடியாததும் உண்டு. இன்ஜின் ஓடும்போது 27.5-க்கும் 28.5-க்கும் நடுவே இருக்கிறதா, 30-ஐத் தாண்டி பேட்டரியைக் கொதிக்கவிடுகிறதா என்பதற்கு மீட்டர்தான் வேண்டும். உனக்கு இரண்டும் ஒரே வெள்ளை. சொட்டுச் சொட்டான கசிவும் உன் கண்ணில் படாது. இப்போது வரும் வண்டிகளோ உன்னைக் கிட்டவே சேர்ப்பதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 லாரிகளில் இன்ஜினைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. மில்லி ஆம்பியரில் பேசுகிற லைனில் உன்னைத் தெரியாமல் குத்தினால், நீ கேட்கிற கரண்டில் அந்தப் பெட்டியே போய்விடும். அதனால் அந்த வண்டி உள்ளே வந்தால் பையன்கள் உன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த நாட்களில் ஆணியில் நீ தொங்குவதைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

டெஸ்ட் லாம்பே, போன வாரம் உன் பல்பு போய்விட்டது. எத்தனையாவது பல்பு என்று கணக்கில்லை. ஒயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. ஹோல்டர் மட்டும் மேஸ்திரி கொடுத்த அதே ஹோல்டர். வருகிற ஆயுத பூஜைக்கு வழக்கம்போல மீட்டருக்கு முன்னால் உனக்குத்தான் முதல் பொட்டு. புதுப் பல்பு போட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், நன்றாக எரிகிறாய்.

டெஸ்ட் லாம்பே, கடைசியாக, நம் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் டிரைவர் அண்ணன்மாருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டு எரியாவிட்டால், அன்றைக்கு ராத்திரி லோடு எடுக்காதீர்கள். பக்கத்துப் பட்டறையில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.